பழைய டீசல் காரும் வீட்டுப் பராமரிப்பும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய டீசல் கார் ஒன்று ஓர் இல்லத்தின் முற்றத்தில் நிற்கிறது என்றால், அவ்வில்லத்தார் அதனைப் பிரிய மனமில்லாதவர்கள் என்று மட்டும் கொள்வதற்கில்லை. பெரும்பாலும் அதற்கு ஈடாக வேறொன்றை வாங்க இயலாதவர்கள் அவர்கள். இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், கழித்துவிட வேண்டியவை என்று கருதப்பட்ட கார்களுக்கும் பெருவிலை வந்துவிட்டது. 1980களிலும் 1990களிலும் யப்பானில் செய்யப்பட்டு இந்நாட்டை அடைந்த டொயோட்டா கொரோலா, நிசான் சன்னி முதலிய டீசல் கார்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றுட் சில வாடகைக்கு ஓடி ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கின்றன. வேறு சில, நள்ளிரவில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல அயலில் உள்ள ஒரே வாகனமாக நிற்கின்றன.

அத்தகைய கார் ஒன்று ஒரு நாட் காலை இயங்க மறுக்கிறது எனக் கொள்க. உரிமையாளர் திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், பற்றரி களைத்துவிடுகிறது, அயலவர் நால்வர் கூடித் தள்ளுகின்றனர், முடிவில் கயிறு கட்டி இழுக்கப்பட்டுக் கார் கராஜைச் சேர்கிறது. அங்கே, 'டீசல் பம்பி போய்விட்டது' என்ற தீர்ப்புக் கிடைக்கிறது. பம்பி கழற்றப்பட்டு, அதனைச் சோதிக்கும் பொறி உள்ள பட்டினத்துக்கு அனுப்பப்படுகிறது. இரண்டு கிழமை கழிந்து, பெருந்தொகை எழுதிய பற்றுச்சீட்டோடு அது திரும்பி வருகிறது. பூட்டிய பின்னரும் கார் இயங்கவில்லை. ஈற்றில், வடியிலிருந்து பம்பிக்குச் செல்லும் நான்கு அங்குல றப்பர்க் குழாயிலே மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று காணப்படுகிறது. அக்குழாயின் விலை சில நூறு ரூபாய். டீசல் கார் ஓடும் ஊர்களில் இக்கதை புதியதன்று.

நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் கண்டறிந்த பின்னரே மருத்துவன் மருந்தைப் பற்றி எண்ண வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறை. மனித உடலுக்குப் பொருந்திய அம்முறை மோட்டார் இயந்திரத்துக்குப் பொருந்தாது போகுமா? பழைய டீசல் இயந்திரத்தில் நோயின் முதலைக் காண்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கண்ணும் காதும் மூக்கும், இரண்டு மூன்று ஸ்பானர்களும், ஒரு சோதனை விளக்கும், ஒரு கண்ணாடிப் போத்தலும் போதும். ஆயினும் அவ்வியந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்ற அறிவு முதலில் வேண்டும்.

பெற்றோல் இயந்திரத்தில், காற்றும் பெற்றோலும் கலந்த கலவைக்கு மின்பொறி தீ மூட்டுகிறது. டீசல் இயந்திரத்தில் மின்பொறிக்கு இடமில்லை. 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே பிறந்த ஜெர்மானியரான ருடோல்ப் டீசல் என்பவர், காற்றை மட்டும் உருளைக்குள் அடைத்து மிகுதியாக நெருக்கினால், அந்நெருக்கமே தீ மூட்டப் போதிய வெப்பத்தை அளிக்கும் என்று கண்டார். 1897ஆம் ஆண்டு அவுக்ஸ்பேர்க் நகரிலே அவருடைய இயந்திரம் வெற்றியோடு ஓடியது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் இவ்வகை இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயிலே ஓடிக் காட்டியது. கனத்த தொழிற்சாலைப் பொறியாக இருந்த அது, சிறிய காருக்குள் அடங்குவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1936ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் கார் அறிமுகமாயிற்று. இங்குள்ள பழைய கொரோலாவின் 2சி என்ற 1974 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் அதே தத்துவத்தின் வழி வந்ததே. அதனுள் முசலம், அதாவது திருத்துநர் பிஸ்ரன் என்று வழங்கும் உறுப்பு, உள்ளே வந்த காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் நெருக்குகிறது. காற்றின் வெப்பநிலை 500 பாகை செல்சியசை அடைகிறது. அக்கணத்தில் நொசில் வழியே தூவப்படும் டீசல், தானே பற்றிக்கொள்கிறது.

ஆகவே, இவ்வியந்திரம் விழித்தெழுவதற்கு வேண்டியவை நான்கு. காற்றை நெருக்குமளவு வேகமாகச் சுழற்றும் வலு ஒன்று. குளிர்ந்த இயந்திரத்துக்குத் தொடக்கச் சூடு மற்றொன்று. காற்றும் நீரும் கலவாத டீசல் வேறொன்று. தேயாத உருளைகளிலிருந்து கிடைக்கும் நெருக்கம் நான்காவது. இந்த ஒழுங்கிலேயே சோதித்தல் அறிவுடைமை. எளியதும் மலிவானதும் முதலில் வருகின்றன. இயந்திரத்தைப் பிரிக்க வேண்டிய சோதனை இறுதியில் வருகிறது. பலர் இறுதியிலிருந்து தொடங்குவதாலேயே பணம் கரைகிறது.

பற்றரியை முதலில் நோக்குக. இரவெல்லாம் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி, வோல்ற்றுமானியில் 12.6 வோல்ற்று வரை காட்டும். 12.2க்குக் கீழ் நின்றால் அது பாதியளவே நிறைந்துள்ளது. விளக்குகள் எரிகின்றன, ஒலிப்பான் ஒலிக்கிறது, ஆகவே பற்றரி நன்று என்று முடிவு கட்டுவோர் பலர். விளக்குக்கு வேண்டிய மின்னோட்டம் சிறிது. டீசல் இயந்திரத்தைச் சுழற்றும் ஸ்ராட்டர் மோட்டாருக்கு வேண்டியதோ மிகப் பெரிது. முனைகளில் வெண்பச்சையாகப் பூத்திருக்கும் உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, இறுகப் பூட்ட வேண்டும். இயந்திரத்திலிருந்து காரின் உடலுக்குச் செல்லும் தடித்த தரைக்கம்பியின் இரு முனைகளையும் மறத்தலாகாது. கடற்கரை ஊர்களில் அக்கம்பியின் முனை துருவேறி, புதுப் பற்றரி பூட்டியும் பயனின்றி இயந்திரம் சோம்பலாகச் சுழல்வதுண்டு.

அடுத்தது தொடக்கச் சூடு. ஒவ்வோர் உருளைக்கும் ஹீற்றர் பிளக் எனப்படும் சிறு சூடாக்கி ஒன்று உண்டு. திறப்பை முதல் நிலைக்குத் திருப்பியதும் முகப்புப் பலகையில் சுருள் போன்ற மஞ்சள் விளக்கு எரிவது, அது வேலை செய்கிறது என்பதைத் தெரிவிப்பதன்று. காத்திருங்கள் என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. நான்கு பிளக்குகளும் இறந்துவிட்ட காரிலும் அவ்விளக்கு அழகாக எரிந்து அணையும்! யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு பிளக் பழுதானால் உரிமையாளர் அதனை உணராமலே மாதக்கணக்கில் ஓடலாம். கடல் மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், தை மாதத்து உறைபனி விடியலில், அதே கார் அசைய மறுக்கும். சோதனை மிக எளிது. நான்கு பிளக்குகளையும் இணைக்கும் உலோகப் பட்டியைக் கழற்றிவிட்டு, 12 வோல்ற்றுச் சோதனை விளக்கின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் பிளக்கின் உள்ளிழை அறவில்லை. எரியாவிட்டால் அது இறந்துவிட்டது. பிளக்கை வெளியே எடுத்துப் பற்றரியோடு நேரே இணைத்துச் சோதித்தல் தகாது. சிலவகை பிளக்குகள் 12 வோல்ற்றுக்குக் குறைந்த மின்னழுத்தத்துக்கென ஆக்கப்பட்டவை. அவை நொடியிலே எரிந்துபோகும்.

இயந்திரம் எழ மறுக்கும்போது ஈதர் என்னும் ஆவியை காற்றுக்குழாயில் தூவும் வழக்கம் சிலரிடம் உண்டு. சூடேறிய ஹீற்றர் பிளக்கைச் சந்திக்கும் ஈதர், உரிய கணத்துக்கு முன்னரே வெடிக்கும். முசலம் உடைந்த பின் வருந்துவதில் பயனில்லை. அதனை வீட்டில் வைத்திராமல் இருப்பதே நன்று.

வலுவும் சூடும் சரியாக இருந்தும் கார் இயங்கவில்லையா? அப்போது எரிபொருளைத் தேடிச் செல்ல வேண்டும். டீசல் பம்பியின் தலையில் ஒற்றைக் கம்பி பூட்டிய சிறு மின்வால்வு ஒன்று உண்டு. இதுவே திறப்பைத் திருப்பி நிறுத்தும்போது டீசலை அடைத்து இயந்திரத்தை ஓயச் செய்வது. ஒருவர் திறப்பைத் திருப்ப, மற்றொருவர் பம்பிக்கு அருகே காது கொடுத்துக் கேட்டால், 'டிக்' என்ற மெல்லோசை எழ வேண்டும். ஓசை எழவில்லையாயின், அக்கம்பி கழன்றிருக்கலாம். அல்லது மின்காப்பு இழை எரிந்திருக்கலாம். பெரும் பழுதென்று அஞ்சப்பட்ட எத்தனையோ கார்கள், இக்கம்பியை மீளப் பூட்டிய மாத்திரத்தில் எழுந்துள்ளன.

இனி, பழைய டீசல் கார்களைத் துன்புறுத்தும் நோய்களிலே தலையாயதைக் கூறவேண்டும். அது டீசலுக்குள் காற்றுப் புகுதல். இக்கார்களில் எரிபொருள் தாங்கி பின்புறத்திலும் பம்பி முன்புறத்திலும் உள்ளன. பம்பியே டீசலை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டுவதில்லை, காற்றே உள்ளே போகிறது. ஆதலால் நிலத்தில் ஈரம் இல்லை, கசிவு இல்லை என்று உரிமையாளர் ஏமாறுகிறார். கார் இரவு முழுவதும் நிற்க, குழாயில் இருந்த டீசல் தாங்கிக்கே பின்வாங்கிவிடுகிறது. விடியலில் இயந்திரம் எழுந்து, சில நொடி ஓடி, ஓய்ந்து, நெடுநேரம் சுழற்றிய பின்னரே மீண்டும் எழும். அன்று பகல் முழுவதும் ஒரு குறையுமின்றி ஓடும். தாங்கி நிறைந்திருக்கும் நாட்களில் குறை மறையும். முகப்பைச் சரிவை நோக்கித் தாழ்த்தி நிறுத்திய இரவுக்குப் பின்னரும் மறையும். இவ்வடையாளங்கள் தென்படின் பம்பியைத் தொட வேண்டியதில்லை.

காற்று எங்கே புகுகிறது என்று அறிய வழி உண்டு. வடிக்கும் பம்பிக்கும் இடையேயுள்ள றப்பர்க் குழாயை எடுத்துவிட்டு, அதே பருமனுள்ள, டீசலுக்குத் தாங்கும் தெளிவான பிளாஸ்ரிக் குழாயை ஒரு நாளுக்கு மட்டும் பூட்டுக. மறுநாள் காலை இயந்திரத்தைச் சுழற்றும்போது அதனுள் நுரை ஓடினால், பழுது வடியிலோ அதற்கு முன்னாலோ உள்ளது. பின்னர், தூய டீசல் நிறைந்த கலம் ஒன்றை இயந்திரத்துக்கு மேலாக உயர்த்தி வைத்து, பம்பிக்கு வரும் குழாயையும் பம்பியிலிருந்து திரும்பும் குழாயையும் அக்கலத்திலேயே இடுக. கார் குறையின்றி இயங்கினால் பம்பி குற்றமற்றது. தாங்கியிலிருந்து வடிவரை உள்ள வழியே குற்றவாளி. அவ்வழியில் முதலில் ஐயுற வேண்டியது வடியின் தலையில் உள்ள கைப்பம்பி. ஆண்டுகள் செல்ல அதன் றப்பர் வளையம் காய்ந்து இறுகி, ஈரம் காட்டாமலே காற்றை உள்ளே விடும். நொசில்களை ஒன்றோடொன்று இணைக்கும் மெல்லிய துணியுறைக் குழாய்களும் அவ்வாறே. அவற்றை மீற்றர்க் கணக்கில் வாங்கி வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

குழாய் மாற்றிய பின்னும், வடி மாற்றிய பின்னும், தாங்கி வெறுமையாகி நின்ற பின்னும், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். வடியின் தலையிலுள்ள கைப்பம்பியை, அது கைக்கு இறுகும்வரை அமுக்குக. பெரும்பாலும் அதுவே போதும். போதாவிடின், நொசில் முனையில் உள்ள குழாய்ச் சுரைகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, இயந்திரத்தைச் சுழற்றி, நுரையற்ற டீசல் கசிந்ததும் இறுக்கிவிட வேண்டும். இவ்வேளையில் கண்ணுக்குக் காப்பும் கைக்கு உறையும் இன்றியமையாதவை. நொசிலினின்று பாயும் டீசலின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்டது. ஊசி போல் அது தோலைத் துளைத்துச் சதைக்குள் புகவல்லது. வெளியே சிறு புள்ளியாகத் தோன்றும் அக்காயம், உடனே அறுவை மருத்துவம் பெறாவிடில் விரலையே இழக்கச் செய்யும். கசிவு இருக்கிறதா என்று ஓடும் இயந்திரத்தின் குழாயை விரலால் தடவிப் பார்த்தல் ஒருபோதும் கூடாது. மட்டைத் துண்டு ஒன்றால் பார்க்க.

காற்றுக்கு அடுத்த பகை நீர். டீசலினும் கனமானதால் நீர் தாங்கியின் அடியிலே தங்கும். இப்பம்பிகள் தமது உள்ளுறுப்புக்களுக்கு வேறு எண்ணெய் இடாதவை. ஓடும் டீசலே அவற்றுக்கு மசகு. மசகு இருக்க வேண்டிய இடத்தில் நீர் வந்தால், மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியோடு கடையப்பட்ட உருக்கு உறுப்புகள் அரைபட்டுத் துருவேறும். வடியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, மாதம் ஒருமுறை சிறிதளவு டீசலைக் கண்ணாடிப் போத்தலில் வடித்துப் பார்த்தால், நீர் அடியில் தனியே நிற்பது தெரியும். மாரி காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை பார்ப்பது நன்று. வெறுமையான தாங்கியின் சுவரிலே இரவுக் குளிரில் ஈரம் படிவதால், அரைவாசிக்குக் குறையாமல் டீசல் வைத்திருப்பதும் பயனுடையது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. அவ்வாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் கியூஆர் குறியீட்டின்படி பங்கீடு நடைபெற்றது. அக்காலத்தில் கலன்களில் டீசலைச் சேர்த்து வைத்தவர் பலர். நீர் கலந்த டீசல் நீண்ட காலம் நின்றால், நீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கரிய பாசி போன்ற கசடு உண்டாகும். அத்தகைய பழைய டீசலைத் தாங்கியில் ஊற்றிய கார், சில மைல் ஓடி வலுவிழந்து நின்றால் வியப்பில்லை. புது வடியும் சில நாளில் அடைபட்டால், தாங்கியைக் கழற்றிக் கழுவுவதன்றி வேறு வழியில்லை. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே பாயுமாயின், குற்றம் கசடன்று. மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது.

மண்ணெண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். 1990களில் வடபகுதிக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்திலே, யாழ்ப்பாணத்து மக்கள் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய பெற்றோல் கார்களைச் சிறிது பெற்றோலால் எழுப்பி, மண்ணெண்ணெயிலே ஓட்டினர். அத்திறமையை நினைந்து வியக்கலாம். ஆனால் அதனை டீசல் காருக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாகாது. மண்ணெண்ணெயில் டீசல் இயந்திரம் ஓடத்தான் செய்யும். பம்பிக்கு வேண்டிய மசகுத்தன்மை அதில் குறைவு. லீற்றருக்குச் சேமித்த சில ரூபாய், ஒருநாள் பம்பியின் விலையாகத் திரும்பி வரும்.

ஓடும் காரின் உடல்நிலையை அதன் புகை சொல்லும். கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசல் எரிகிறது என்பதன் அடையாளம். அடைபட்ட காற்று வடியே அதற்கு முதற் காரணம். செம்மண் தெருக்களில் ஓடும் கார்களில் அது விரைவில் அடைபடும். புதுக் காற்று வடி பூட்டியும் கரும்புகை நீங்காவிட்டால், நொசில்களைச் சோதனைக்கு அனுப்பலாம். நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதைக் காட்டுகிறது; வால்வுக் காப்பு வளையமோ முசல வளையமோ தேய்ந்துள்ளது. காலையில் எழும் வெண்புகை டீசல் மணம் வீசிச் சில நிமிடங்களில் மறைந்தால், ஹீற்றர் பிளக்குகளை மறுபடி பார்க்க. இயந்திரம் சூடான பின்னரும் இனிப்பான மணத்தோடு வெண்புகை தொடர்ந்தால், குளிர்விக்கும் நீர் உருளைக்குள் புகுகிறது. அது பாரதூரமானது.

ஏனெனில், இக்கார்களின் இயந்திரக் கட்டை வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். ஒருமுறை நீரின்றிக் கொதித்தால் தலை வளையும், அல்லது வெடிக்கும். 2சி இயந்திரம் அதற்குப் பெயர் பெற்றது. றேடியேற்றரில் குமிழி எழுவதும், எஞ்சின் ஒயில் பால் விட்ட தேநீர் போல் நிறம் மாறுவதும் அதன் அறிகுறிகள். வாரம் ஒருமுறை, இயந்திரம் ஆறியிருக்கும் விடியற்காலையில், றேடியேற்றர் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்க்கும் பழக்கம் ஒரு தலைப்பகுதியின் விலையைக் காக்கும். சூடான நிலையில் அம்மூடியைத் திறப்பவர் முகம் வெந்துபோவார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லிலிருந்து ஊறுவது. கேத்தலின் அடியில் படியும் வெண்படிவே றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிகிறது. அங்குள்ளோர் காய்ச்சி வடித்த நீரோடு குளிர்விப்புத் திரவத்தைக் கலந்து விடுதல் வேண்டும்.

எஞ்சின் ஒயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிட்டது என்று விற்றவரைக் குறை கூறுதல் தவறு. டீசல் இயந்திரத்தின் கரியைக் கழுவித் தன்னுள் தாங்குவதே அதன் தொழில். டீசலுக்குரிய ஒயிலின் தரக்குறி 'சீ' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும். பழைய காருக்கு 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலையும் அதன் வடியையும் மாற்றலாம். அளவுகோலின் மேற்குறிக்கு மேல் ஊற்றுதல் ஆபத்து. அதன் காரணம் பின்னர் வருகிறது. வடித்தெடுத்த பழைய ஒயிலை வேலியோரத்தில் ஊற்றுவோர், தம் கிணற்றிலேயே ஊற்றுகின்றனர் என்பதை உணர வேண்டும். சுண்ணக்கல் நிலம் எதையும் தடுத்து நிறுத்துவதில்லை. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றிய வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று 2019ஆம் ஆண்டில் தீர்ப்புப் பெற்றது. பழைய ஒயிலை மூடிய கலனில் சேர்த்து, அதனை எடுத்துக்கொள்ளும் சேவை நிலையத்தில் கொடுப்பதே முறை.

டீசல் காரின் பிறேக்கும் இயந்திரத்தோடு உறவுடையது என்பது பலர் அறியாதது. பெற்றோல் இயந்திரம் தன் உறிஞ்சுதலாலேயே பிறேக்குக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தருகிறது. டீசல் இயந்திரத்தில் அதற்கெனத் தனிப் பம்பி உண்டு. யப்பானியக் கார்கள் பலவற்றில் அது மின்பிறப்பாக்கியின் முதுகிலே அமர்ந்து, சிறு றப்பர்க் குழாய் வழியே எஞ்சின் ஒயிலைப் பெறுகிறது. பிறேக் மிதி திடீரெனக் கல்லைப் போல் இறுகினால், முதலில் இதனைப் பார்க்க. அக்குழாய் வெடித்தால் சில மைல்களுக்குள் இயந்திரத்தின் ஒயில் முழுவதும் தெருவில் கொட்டிவிடும். விலை குறைந்த அக்குழாயை, வெடிக்கும் வரை காத்திராது மாற்றிவிடுவதே மேல்.

வீட்டிலே செய்யக்கூடாதவையும் உள. பம்பியைப் பிரித்தல், நொசிலைப் பிரித்தல் இரண்டும் சோதனைப் பொறியும் தேர்ந்த கையும் வேண்டும் வேலைகள். ரைமிங் பெல்ற்றும் அவ்வாறே. பல் பதித்த இந்த றப்பர்ப் பட்டி, வால்வுத் தண்டையும் டீசல் பம்பியையும் ஒரே தாளத்தில் சுழற்றுகிறது; சில நிசான் இயந்திரங்களில் பம்பிக்கென மற்றொரு பெல்ற்றும் உண்டு. 2சி இயந்திரத்தில் 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை இது மாற்றப்பட வேண்டும். அறுந்தால் வால்வுகள் முசலத்தோடு மோதி வளையும். பழைய காரை வாங்கியவர், முன்னவர் சொன்ன சொல்லை நம்பாது, பெல்ற்றை மாற்றிய பின்னரே நெடும்பயணம் செல்வது தகும். உரிமையாளர் வீட்டிலிருந்து செய்யக்கூடியது, பெல்ற்றின் உறைக்குக் கீழே ஒயில் கசிவு உண்டா என்று பார்த்தலே. ஒயிலில் நனைந்த பெல்ற் தன் ஆயுளை நிறைவு செய்வதில்லை.

காரின் கீழே படுக்க வேண்டிய வேலை எதற்கும், ஜக்கை மட்டும் நம்பலாகாது. இரும்புத் தாங்கிகளின் மேல் இறக்கி, சில்லுகளுக்கு அணை கொடுத்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும். மூடிய கொட்டிலுக்குள் இயந்திரத்தை ஓடவிட்டு வேலை செய்தலும் உயிருக்குக் கேடு.

ஒயில் அளவைப் பற்றி மேலே கூறியதன் காரணம் இதுவே: மிகுந்து ஊற்றிய ஒயில் காற்றுக்குழாய் வழியே உருளைக்குள் சென்றால், டீசல் இயந்திரம் அதனையே எரிபொருளாகக் கொண்டு தன்னிச்சையாக ஓடத் தொடங்கும். தேய்ந்த இயந்திரங்களிலும் இவ்வாறு நேர்வதுண்டு. திறப்பை எடுத்தாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே செல்லும். கியர் மாற்றும் தடி உள்ள காராயின், உயர்ந்த கியரில் இட்டு, பிறேக்கை முழு வலுவோடு மிதித்து, கிளச்சை விட்டு இயந்திரத்தை அடக்கலாம். அன்றேல் காற்றுக் குழாயின் வாயைத் தட்டையான பலகையால் அடைக்க வேண்டும். கையால் அடைத்தல் ஆகாது. இரண்டும் இயலாவிடில் விலகி நிற்பதே அறிவு.

வடகீழ்ப் பருவமழை காலத்தில் வெள்ளம் மூடிய தெருவைக் கடக்கும் கார், நடுவே நின்றுவிட்டால், எவரும் முதலில் செய்வது திறப்பை மறுபடி திருப்புதல். அதனைச் செய்யலாகாது. காற்றுக்குழாய் வழியே நீர் உருளைக்குள் சென்றிருந்தால், நீர் காற்றைப் போல் நெருங்காது. முசலத்தைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். காரைத் தள்ளிக் கரைசேர்த்து, காற்று வடியைத் திறந்து பார்க்க வேண்டும். அது நனைந்திருந்தால், நான்கு ஹீற்றர் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, பெரிய ஸ்பானரால் இயந்திரத்தைக் கையாலே மெல்லச் சுழற்றுக. உள்ளிருந்த நீர் அத்துளைகளின் வழியே பீறிட்டு வெளியேறும். பின்னர் ஸ்ராட்டரால் சில நொடி சுழற்றி, உலரவிட்டு, ஒயிலில் நீர் கலந்துள்ளதா என்று அளவுகோலை எடுத்து நோக்கி, கலந்திருந்தால் ஒயிலை மாற்றிய பின்னரே பிளக்குகளைப் பூட்டி இயந்திரத்தை எழுப்பலாம்.